பூவால் என்று எழுதிய முப்பத்தொரு படங்கள்

ஜூலை 14, திங்கள்

விடியும்போதே காற்று. ஊரிலிருந்து முதல் பஸ், அரியலூரில் மாறி, பெரம்பலூர் பாலக்கரையில் இறங்கும்போது கண் நிறைய மண். ஆபீஸுக்குக் கீழே விதைக்கடை. மாடிப்படி முழுக்க மக்காச்சோள விதை மூட்டைகள். நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினேன்.

ரோடு டேபிளிலிருந்து என்னை எழுப்பிவிட்டார்கள். எட்டு மாதமாக ஒரே வேலை: வெளிநாட்டு ரோடு போட்டோவில் கார், லாரி, சைக்கிள், நடந்துபோகும் ஆள் என்று கட்டம் போடுவது. இன்று முதல் பாம்பு டேபிள். ஐந்து பேர்.

டீம் லீடர் ஜெனிஃபர் மேம் சொன்னவை, மறப்பதற்குள்:

– வெளிநாட்டில் வீட்டில் வளர்க்கிற சின்ன மலைப்பாம்பு. விஷம் இல்லை. பெயர் பால் பைதான்.
– இனம் ஒன்று. நிறமும் கோலமும் நூறு விதம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்.
– வளர்ப்பவர் போட்டோ அனுப்பினால் என்ன ரகம் என்று ஒரு ஆப் சொல்ல வேண்டும். ஆப்புக்கு அதை நாம் சொல்லித்தர வேண்டும்.
– ஒரு படத்தை மூன்று பேர் பார்ப்போம். மூன்று பேரும் வேறு வேறு சொன்னால் படம் 'முடிவு' சீட்டுக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்வதே கடைசி.
– மூன்று வாரம் பார்ப்பார்கள். பிறகு முதல் பார்வை வேறு ஊர் ஆபீஸுக்குப் போய்விடும், இங்கே அந்தச் சீட்டுக்கு ஒருத்தர் மட்டும். மற்ற நாலு பேரும் ரோட்டுக்கே திரும்ப வேண்டும்.
– அந்த ஒருத்தர் வெள்ளிக்கிழமைதோறும் கஸ்டமரோடு வீடியோவில் பேச வேண்டும். இங்கிலீஷில்.

கடைசி வரியைச் சொல்லும்போது மேம் எல்லோரையும் பார்த்தார், என்னைத் தவிர.

பக்கத்து நாற்காலி ஹசீனா. லப்பைக்குடிக்காட்டுப் பெண். (இனி ஹ. என்று எழுதுகிறேன்.) அவள் கேட்டாள்: "பால் பைதான்னா பால் குடிக்குமா மேம்?"

"அது பந்து பால் ஹசீனா. பயந்துச்சுன்னா தலைய உள்ள வச்சுக்கிட்டுப் பந்து மாதிரி சுருண்டுக்கும்."

"அப்ப நம்ம கலை மாதிரி."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும். பொய் இல்லையே.

எனக்கு அந்தச் சீட்டு வேண்டும். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

120 படம். கண் எரிச்சல். சந்தோஷம்.

இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. சாதாரணப் பாம்பே அழகு. கறுப்பு உடம்பில் வெளிர்பழுப்புத் திட்டு, ஒவ்வொரு திட்டுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி. வேற்றுக்கிரக ஆளின் முகம் மாதிரி என்று எங்களுக்குக் கொடுத்த வழிகாட்டியில் போட்டிருக்கிறது. எனக்குச் சீவிய நுங்கு மாதிரி.

ஹ. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகத்தான் படம் பார்க்கிறாள். அதிலும் பாதி சரி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

ஹாஸ்டலில் ரசம் மட்டும்.

ஜூலை 16, புதன்

இன்று கற்றது, என் வார்த்தையில்:

பனானா: மஞ்சள் உடம்பு, வயது ஏற ஏறக் கறுப்புப் பொறி விழும். பழுத்த பூவன் பழம். பெயர் வைத்தவர் வாழைப்பழம் சாப்பிட்டவர்.

பாஸ்டல்: மஞ்சள் தூக்கலாக. தலை மட்டும் வெளுத்து, துவைத்துத் துவைத்துப் போன மாதிரி.

பின்ஸ்ட்ரைப்: முதுகு நெடுக மெல்லிய கோடு. கரித்துண்டால் இழுத்தது.

க்ளௌன்: கண்ணுக்குக் கீழே மை கரைந்து வழிந்த மாதிரி. அழுத முகம், பெயரோ கோமாளி.

ஆக்ஸாந்திக்: மஞ்சளே கிடையாது. சாம்பல், கறுப்பு, வெள்ளை. பழைய போட்டோ.

லெஸ்ஸர், பட்டர்: இந்த இரண்டையும் போட்டோவில் பிரிக்கவே முடியாது என்று வழிகாட்டியே ஒத்துக்கொள்கிறது. இரட்டைப் பிள்ளைக்கு இரண்டு பேர்.

பைபால்ட்: இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. பளீரென்று வெள்ளை, நடுநடுவே நிறத்திட்டு. மறை. திட்டுத் திட்டான ஆட்டுக்கு ஊரில் அதுதான் பேர். எங்கள் வீட்டு மறையாடு கழுத்தும் காலும் இல்லாமல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எல்லாமே ஆடாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. செம்பழுப்பு என்றால் செவலை. தலையில் வெள்ளைப் பொட்டு என்றால் சுட்டி. இன்று ஒரு சாதாரணப் பாம்புக்கு, வால் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வெள்ளை வளையம். பூவால். வால் நுனி வெள்ளையாக இருக்கும் கிடாவுக்கு அம்மா சொல்வது. வழிகாட்டியில் இதற்குப் பெயரே இல்லை.

படத்துக்குக் கீழே குறிப்புப் பெட்டி என்று ஒன்று காலியாக இருக்கிறது. யாரும் எழுதுவதில்லை. எனக்கு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ரகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதில் marai, sevalai, sutti, poovaal என்று அடித்துக்கொண்டேன். வேகம் கூடியது. 160.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. ஹாஸ்டலில் பாயசம். ஜவ்வரிசியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பதினொரு பூவால்.

ஜூலை 20, ஞாயிறு. ஊரில்

ஆண்டிமடத்தில் இறங்கி நடந்தேன். முந்திரிக்காடெல்லாம் காற்றில் சலசலவென்று. அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில், நாளைதான் வருவார்.

மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து வழிகாட்டியைப் போனில் வைத்துப் படித்தேன். எனக்குள் முணுமுணுப்பது பழக்கம். அம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள் நின்று கேட்டிருக்கிறாள்.

"ஏன் பாப்பா, மறைங்குற, செவலைங்குற, பூவாலுங்குற. ஆபீஸுல ஆட்டு வேலையா குடுத்துருக்காங்க?"

அம்மாவுக்குப் பாம்பு என்றால் என்ன ஆகும் என்று தெரியும். போன வருஷம் விறகில் ஒரு சாரையைப் பார்த்துவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் "ம்" என்றேன்.

"பாத்தியா. விலங்கியல் படிச்சு என்னத்துக்கு ஆவும்னு உங்கப்பா கேட்டாரே. போவல வீணா."

அம்மா முகம் அப்படி மலர்ந்து ரொம்ப நாளாயிற்று. இரண்டாவது தடவை வாயைத் திறக்க மனம் வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஐந்து பேருக்கும் பொதுவாக வைத்த ஒரு சோதனைப் படத்தில் மற்ற நாலு பேரும் ஆக்ஸாந்திக் என்று அடித்துச் சொன்னார்கள். சாம்பல் நிறம், மங்கல். எனக்கு மட்டும் கண் உறுத்தியது. என் கண் இல்லை, பாம்பின் கண். பால் ஊற்றிய மாதிரி நீலவெள்ளை. சட்டை உரிக்கப் போகிற பாம்பு. உரிக்கிறதற்குச் சில நாள் முன்னால் எந்தப் பாம்பும் மங்கும். நாலு நாள் கழித்து எடுத்திருந்தால் இதே பாம்பு பளபளக்கும் சாதாரணம்.

ஆக்ஸாந்திக் இல்லை என்று போட்டேன். சொல்லவில்லை, போட்டேன். மத்தியானம் சரியான விடை வந்தது. மேம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார்.

திரையில் கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

"வாயால சொல்லு கலை."

"கண்ணு மேம்."

"அது ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமைன்னா கஸ்டமர் அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசணும். தெரியும்ல?"

தெரியும். தண்ணீர் குடிக்கப் போனேன். தண்ணீர் வரவில்லை, மோட்டார் ரிப்பேர். வெறும் டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஸ்பைடர் ரகம். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கறுப்பு இழை, அழகுதான். இன்று படத்தோடு வீடியோவும் வந்தது. தலை நேராக நிற்கவில்லை. ஆடுகிறது, திருகுகிறது, இரையைத் தவறவிடுகிறது. அந்தக் கோலத்தோடு கூடவே வருகிற குறையாம். அழகுக்காக அதையே இணைசேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் சிலர். சரியான ரகம் என்று போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. போக வேண்டியிருந்தது.

ஹ. மீன் வறுவல் கொண்டுவந்தாள். அதனால் நாள் தேறியது.

ஜூலை 27, ஞாயிறு. ஊரில்

பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை, கையில் பெரிய சுரைக்காய்.

"வா சாமி. விலையில்லா ஆடு லிஸ்ட்டு ஒன் கையிலதான் இருக்காமே?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஆட்டைப் பார்த்தாள்.

"போன தடவ என் பேர விட்டுட்டானுவ. மேலத்தெருவுல மெத்தை வூடு கட்டுனவளுக்குக் கெடச்சுச்சு, எனக்கு இல்ல. நாலு ஆடுன்னாலும் நல்ல ஆடாப் பாத்துப் போடு கண்ணு."

"அத்தே, அது வந்து…"

அம்மா உடனே: "ஆபீஸு விசயம் அவ வெளிய சொல்லக்கூடாதுக்கா. கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"அதுவும் செரிதான்" என்று அத்தை உதட்டில் விரல் வைத்துக்கொண்டு போனாள். சுரைக்காயை வைத்துவிட்டு.

"ஏம்மா ஊரெல்லாம் சொன்ன?"

"ஊரெல்லாம் எங்க சொன்னேன். அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அவளிடம் சொன்னால் போதாதா. சுரைக்காய்க் கூட்டு. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

ஜூலை 28, திங்கள்

எழுத்து கோணலாகிறது.

பத்தரை மணிக்கு மேம் கூப்பிட்டார். கஸ்டமரிடமிருந்து மெயில். அந்த அம்மா பெயர் லோரா. நாற்பது வருஷமாகப் பாம்பு வளர்ப்பவர், ஆப் அவருடையது. மெயில் இரண்டே வரி: 'P-4 என்பவர் முப்பத்தொரு படங்களில் poovaal என்று எழுதியிருக்கிறார். அது என்ன?'

P-4 நான்.

குறிப்புப் பெட்டி என் பெட்டி இல்லை. சனிக்கிழமைதோறும் அத்தனையும் கஸ்டமருக்குப் போகிறது. இரண்டு வாரமாக வெளிநாட்டுக்கு ஆட்டுப் பேர் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னம்மா இது, ஏதாவது கெட்ட வார்த்தையா?"

"இல்ல மேம். ஆடு."

"ஆடா?"

"வாலு மேம்."

மேம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சொல்லு. முழுசா சொல்லு."

சொல்ல முடியவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம். மேம் படித்தார். முதலில் கோபமாக, பிறகு சும்மா, பிறகு கடைசிப் பத்தியை இரண்டு தடவை.

அதில் எழுதியது: சாதாரணமாகத் தெரிகிற பாம்புக்கு வாலருகில் இப்படி ஒரு வெள்ளை வளையம் இருந்தால், உள்ளே மறை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. உறுதி இல்லை, வாய்ப்பு. பத்தாம் வகுப்புப் பட்டாணிச் செடியில் படித்த ஒடுங்கு பண்பு. வெறும் கறுப்பு ஆடு திடீரென்று மறைக்குட்டி போடுகிறதே, அப்படி. நம் பட்டியலில் அதற்குப் பெட்டி இல்லை, அதனால்தான் எழுதி வைத்தேன். மன்னிக்கவும்.

"மன்னிக்கவும் வேண்டியதில்ல" என்றார் மேம். "இதை அந்த அம்மாகிட்ட வெள்ளிக்கிழமை நேர்ல சொல்லு. P-4-கூடப் பேசணும்னு எழுதியிருக்காங்க. பேசிட்டன்னா சீட்டு ஒனக்குத்தான். பேசலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது கலை."

அவர் பக்கம் நியாயம்.

ஜூலை 29, செவ்வாய்

பாத்ரூம் கண்ணாடி முன்னால் இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். 'குட் ஈவினிங் மேடம்' வரை நன்றாக வருகிறது. வார்டன் கதவைத் தட்டி, "உள்ள யாரும்மா கூட இருக்கா?" என்றார்.

காலேஜில் செமினார் அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. மூன்று செமினார், மூன்று காய்ச்சல்.

ஜூலை 30, புதன்

ஹ. ஒரு யோசனை சொன்னாள். சாப்பாட்டு நேரம், தயிர்சாதத்துக்கு நடுவில்.

"அந்தம்மா உன் மொகத்தப் பாத்ததில்ல. P-4ன்னுதான் தெரியும். மேம் வெள்ளிக்கிழமை திருச்சி போறாங்க. நான் கேமரா முன்னாடி உக்காந்துக்குறேன். நீ பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதிக் காட்டு. கண்ணு உன்னுது, வாயி என்னுது."

"தப்பு இல்லையா?"

"தப்புதான். அதுக்கு நான் துவா கேட்டுக்குறேன். நீ ரோட்டுக்குப் போயிட்டா, இங்கிலீஷ் தெரியும்னு அந்தச் சீட்ட என் தலையில கட்டிருவாங்க, அப்ப எனக்கு யாரு சரியான விடை சொல்லுவா? எனக்குக் கனவுலயே வருதுடி, மஞ்சளா."

கான்வென்ட்டில் படித்தவள். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும்.

சரி என்றேன். இரவு நன்றாகத் தூங்கினேன். அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

ஹ.வுக்குப் பாடம். பூவால் = வாலில் வெள்ளை. சுட்டி = தலையில் வெள்ளை. மறை = உடம்பெல்லாம். பத்து தடவை கேட்டேன், ஏழு தடவை சரி.

"வெள்ளையப் பாத்தா பூவால்னு சொல்லிடுறேன், போதும்ல?"

"போதாது."

"இன்ஷா அல்லா, போதும்."

ஆகஸ்ட் 1, வெள்ளி

இப்போது மணி ஆறேகால். ஹாஸ்டல் மொட்டை மாடி, துணிக்கொடிக்குக் கீழே. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலரைக்கு அழைப்பு வந்தது. அங்கே காலை. லோரா: நரைத்த குட்டைமுடி, கையில் பெரிய டீ கப், பின்னால் தரையிலிருந்து கூரை வரை இழுப்பறைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. ஹ. கேமரா முன்னால், முக்காடு சரிசெய்துகொண்டு. நான் மேஜையின் பக்கவாட்டில், படத்தில் விழாமல், நோட்டோடு.

முதல் பத்து நிமிஷம் பிரமாதம். பூ என்றால் மலர், வால் என்றால் வால் என்று ஹ. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். லோரா 'மலர்வால், மலர்வால்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பட்டாணிச் செடி வரைக்கும் நான் எழுதிக் காட்டியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆட்டை மட்டும் மாடு என்று சொல்லிவிட்டாள். போகட்டும்.

அப்புறம் லோரா எழுந்து ஒரு பெட்டியை இழுத்தார்.

ஆயிரத்துக்கு மேல் படம் பார்த்திருக்கிறேன். உயிரோடு இன்றுதான். மூச்சு விடும்போது பக்கவாட்டில் கோலம் அகன்று சுருங்குகிறது. படத்தில் அது தெரியாது. அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி எங்களைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டேன். ஹ. நாற்காலியோடு பின்னால் உருண்டாள்.

லோரா வால் பக்கத்தைக் கேமராவில் காட்டினார். வெள்ளைத் திட்டு. 'இது பூவாலா?'

ஹ. விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். "எஸ் மேடம். பூவால். ஹண்ட்ரட் பர்சன்ட்."

பூவால் இல்லை. பார்த்தவுடன் தெரிந்தது. வளையம் இல்லை, ஒரு பக்கம் மட்டும். ஓரம் சீராக இல்லை. செதில் வரிசை கலைந்து, சுருங்கி. கயிறு அறுத்த இடத்தில் ஆட்டுக்கு முடி வெள்ளையாக முளைக்கும். அதைப் பார்த்து யாரும் மறை என்று சொல்வதில்லை. நோட்டில் 'இல்லை' என்று பெரிதாக எழுதி ஹ.வின் துப்பட்டாவை இழுத்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

லோரா 'அப்படியா' என்று சொல்லிப் பேனாவை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதிவிட்டால் ஆப் அப்படித்தான் கற்றுக்கொள்ளும். காயம், கீறல், எல்லா வெள்ளையும் பூவால் ஆகிவிடும். என்னுடைய முப்பத்தொன்றும் குப்பை.

"நோ மேடம்."

யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. ரோடு டேபிளில் எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு சத்தம்.

"நாட் பூவால். ஸ்கார்."

லோரா பேனாவைக் கீழே வைத்தார். 'யார் பேசுவது?'

ஹ. கண்ணைத் திறந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஒரு பக்கம் மட்டும் என்று சொன்னேன், ஒன் சைட் ஒன்லி. செதில் கசங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், கசங்கலுக்கு வார்த்தை வரவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கசக்கி, மேஜையில் வைத்துத் தேய்த்து விரித்து, கேமராவில் காட்டினேன். லைக் திஸ். பக்கத்தில் கசங்காத தாளையும் காட்டினேன். பூவால், லைக் திஸ்.

லோரா சிரித்தார், டீ சிந்துகிற அளவுக்கு. எலி கடித்த தழும்பாம், இரண்டு வருஷத்துக்கு முந்தையது. தெரிந்தேதான் காட்டியிருக்கிறார். 'பூவால் என்று எழுதியது யார் என்று பார்க்க விரும்பினேன்' என்றார். 'உங்களில் யார் P-4?'

ஹ. இரண்டு கையாலும் என்னைக் காட்டினாள்.

"ஐ ஆம் P-4" என்றேன். "சாரி மேடம். ஐ வாஸ் அஃப்ரெய்ட்."

'பாம்புக்கா?'

"நோ மேடம். யூ."

மறுபடி சிரிப்பு. நானும். பிறகு நாற்பது நிமிஷம். நான்தான் பேசினேன். இலக்கணம் அத்தனையும் தப்பு. சுட்டி கேட்டார், சொன்னேன். செவலை கேட்டார், சொன்னேன். ஸ்பைடர் பற்றி நானே கேட்டேன். அந்த ரகத்தை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று என்றார். மாடு இல்லை, ஆடு என்றும் திருத்திவிட்டேன். ஹ. இதற்குள் முறுக்குப் பொட்டலத்தைக் காலி செய்திருந்தாள்.

மேமுக்குப் போன் செய்து நாங்கள் செய்ததை நானே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரே பஸ் ஹாரன். பிறகு: "நாளைக்கு வந்து ரெண்டு பேரையும் வச்சுக்குறேன்."

ஹ.: "வாய்க்கு வாடகை குடுடி." நாளைக்குப் பரோட்டா.

காற்றில் துணி எல்லாம் பறக்கிறது. கீழே போக வேண்டும். போக மனமில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மேம் முதலில் திட்டினார். முழுதாகப் பத்து நிமிஷம். தலை குனிந்து நின்றோம். ஹ. நடுவில் தும்மினாள், அதற்கும் திட்டு. பிறகு லோராவின் மெயிலைக் காட்டினார்.

– பட்டியலில் புதுப் பெட்டி: வாலருகில் வெள்ளை வளையம்.
– தழும்புக்குத் தனிப் பெட்டி.
– முடிவு சீட்டு: P-4.

ஜன்னல் பக்கத்து நாற்காலி. ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்தேன். ஹ. ரோட்டுக்குத் திரும்பினாள். "காரு கனவுல வந்தா வரட்டும். உரிச்சுக்கிட்டு வராதுல்ல."

முதல் நாள் வந்தவை 19. முடித்தவை 18. ஒன்று மட்டும் புரியவில்லை. அதையும், கூடவே மறை, பூவால் என்று நாலைந்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மேம், "கேக்குறியே, அதுவே பெருசு. எடுத்துக்க" என்றார்.

பரோட்டா மூன்று. எனக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஊரில்

ஆடிப் பதினெட்டு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். அப்பா வீட்டில், வெளியே லாரியைக் கழுவிக்கொண்டு.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அஞ்சலை அத்தை. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, பிளாஸ்டிக் கவரில். கூடவே கீழத்தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர், அவர்கள் கையிலும் கவர்.

அம்மா என்னைக் கண்ணால் அடக்கினாள்.

"அத்தே" என்றேன். "நான் ஆட்டு ஆபீஸுல இல்ல. எந்த லிஸ்ட்டும் என்கிட்ட இல்ல. சுரைக்காய வாங்குனது தப்பு. நான் பாம்பு பாக்குறேன்."

அத்தை கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாம்பா?"

"ஆமா."

"விலையில்லாப் பாம்பா? அதக் குடுத்தா எவ வாங்குவா?"

அப்பா தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஆடு எல்லாம் எழுந்துவிட்டன. வந்தவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். கம்ப்யூட்டரில் போட்டோதான், கடிக்காது, ஒவ்வொன்றும் ஒரு நிறம், நான் பேர் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. அத்தை நடுவில், "இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா மட்டும் வாசல் தூணுக்கு அந்தப் பக்கம். அவர்கள் போன பிறகுதான் வந்தாள். முறைத்துக்கொண்டே.

"காட்டு."

"பயப்படுவ."

"காட்டுடி."

போனைத் தூரத்தில் பிடித்துக் காட்டினேன். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானை இறங்கியது. போனைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"மறை."

அடுத்த படத்துக்கு விரலால் தள்ளினேன்.

"செவலை. இது பூவால். இது… சுட்டிதான். ஏண்டி, இதுக்கா மூணு வருசம் பஸ்ஸுல போயிப் படிச்ச?"

அடுத்தது, புரியாமல் விட்ட அந்த ஒன்று. அம்மா போனைக் கிட்டே வைத்தாள், எட்ட வைத்தாள், வெயிலில் திருப்பினாள். முதுகில் சாம்பல், பக்கத்தில் செவலை மாதிரி, வயிற்றோரம் ஒரு மஞ்சள் கோடு வந்து பாதியில் நின்றுவிடுகிறது.

"இது ஒண்ணுலயும் சேரலயே. என்னது இது?"

"தெரியலம்மா. மூணு பேரு மூணு விதமா சொல்லிட்டாங்க."

"அப்ப யாருதான் சொல்லணும்?"

"நாந்தாம்மா."